பன்னிரண்டாம் தசமம்

மூன்று நூலகங்கள்,
ஒன்றிலும் ஒரு புத்தகம் கிடையாது.
ரொவானியெமியில் ஏப்ரல் தீரப் போகிற வாரம்.
ஆற்றுப் பனி எந்த நாள் உடையும்
என்று கணக்கிட எதை எடுப்பது எனக் கேட்டு
நகராட்சி ஓர் அட்டவணை அனுப்பியிருந்தது.
வேகம், நினைவகம், துல்லியம், உரிமம்.
ஓரத்தில் ஒற்றைக் கட்டம்: பரிந்துரை.

முதலாவது ஃபோர்ட்ரான்.
என்னைவிட இரண்டு வயது மூத்தது.
நிறுவ அரை நாள். ஆவணம் என்று ஒரே ஒரு கோப்பு,
அதிலும் பாதி யாருக்கோ நன்றி.
ஆயிரத்து எழுநூறாம் வரிக்கு மேலே
பிரெஞ்சில் ஒரு குறிப்பு கிடந்தது:
இது ஏன் சரியாக வருகிறதென்று தெரியவில்லை,
கை வைக்காதீர்கள்.
வைக்கவில்லை.
நாற்பத்தொரு நிமிடம்.
எத்தனை முறை ஓட்டினாலும்
கடைசி இலக்கம் வரை அதே விடை.

இரண்டாவதற்கு அழகான சின்னம் உண்டு,
ஒரே வரியில் நிறுவலாம்.
ஒருவரைத்தான் அழைத்தேன்,
இருநூற்றுப் பன்னிரண்டு பேரோடு வந்திறங்கியது.
சிறிய அணிகளில் தங்கம். அதையும் எழுதிவைத்தேன்.
நான்கு கோடி வரிசை கொடுத்ததும்
இருந்த நினைவகத்தையெல்லாம் குடித்துவிட்டு
பிழைச்செய்தி கூட இல்லாமல்
சாய்ந்தது.

மூன்றாவது ஓடத் தொடங்கியபோது
இயந்திர அறையில் இல்மாரி கம்பளிச் சட்டையைக் கழற்றினான்.
ஒன்பது நிமிடம்!
நம்பாமல் மறுபடி ஓட்டினேன், ஒன்பதேதான்.
ஆனால் பன்னிரண்டாம் தசமத்தில்
நான்கு இருந்த இடத்தில் ஏழு.

அதன் வழக்கம் அப்படி.
ஆயிரம் கரங்களில் எது முதலில் நீட்டுகிறதோ
அதை முதலில் கூட்டும்.
வரிசை மாறினாலும் தொகை மாறாது என்று
பள்ளியில் படித்தது
தசமத்தை வெட்டி வைத்துக்கொள்ளும் இயந்திரத்துக்கு
ஆகிவராது.

போகட்டும், மயிரிழையில் கோடியில் ஒரு பங்கு
என்று விட்டுவிடலாம்.
பனி விடாது.
அதற்கு ஒரு வரம்பு உண்டு. தாண்டினால் முறியும்,
தாண்டும்வரை லாரி ஏறினாலும் தாங்கும்.
நான்கு வந்தால் செவ்வாய் இரவு உடைந்தது,
ஏழு வந்தால் புதன் நண்பகல்.

நாளுக்கொரு பேச்சு பேசுகிற சாட்சி எதற்கு,
பழையதையே போடு என்றாள் தெல்லெர்வோ.
அவள் கையெழுத்திட வேண்டியவள்.
கரையோரம் எழுபது வீடுகள் காலி செய்யக் காத்திருந்தன.
நானும் தலையாட்டினேன்.

காரை எடுக்கப் போனவள்
கதவைத் திறந்தபடியே நின்றுவிட்டேன்.
பழையதற்கு மட்டும் பன்னிரண்டாம் தசமம் தெரியுமா என்ன?
பனியின் தடிமனை நாங்கள் அளப்பதே
துளை போட்டு, இறக்கிய கோலில்
விரலை வைத்துத்தான்.
தெரியாததை ஒரே குரலில் சொல்கிறது பழையது,
தெரியாததைத் தெரியாத மாதிரியே சொல்கிறது புதியது.

திரும்பி உள்ளே போனேன்.
மூன்றாவதை இருபது முறை ஓட்டினேன். மூன்று மணி நேரம்.
பழையதை இருபது முறை கேட்டிருந்தால்
பதினாலு மணி நேரம், ஒரே சொல்.
செவ்வாய் இரவுக்கும் புதன் மாலைக்கும் நடுவே
பத்தொன்பது விடைகள் கூடி நின்றன.
ஒன்று மட்டும் தள்ளி, வியாழன் விடியற்காலையில்.

பரிந்துரைக் கட்டத்தில் அத்தனையும் அடங்கவில்லை,
கட்டத்தை அகலப்படுத்தினேன்.
உரிமக் கட்டத்தில் மட்டும் வேலை எளிது.
மூன்றும் ஒரே வாக்கியத்தைச் சொல்லின:
உள்ளது உள்ளபடி, எந்த உத்தரவாதமும் இல்லை.

வியாழன், நாலு பத்துக்கு
பாலத்தடியில் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம்.
வீடுகள் செவ்வாயே காலியாகிவிட்டன, யாருக்கும் ஒன்றும் இல்லை.
ஊர்ப் பந்தயத்தில் ஐந்து யூரோ கட்டி
புதன் மூன்று மணி என்று எழுதிய இல்மாரி
தோற்றதற்குக் காபி வாங்கிக் கொடுத்தான்.

படத்தை அவனிடம் காட்டவில்லை.
அந்த இருபதாவது புள்ளியை,
அச்சு நீளமாகி அசிங்கமாக இருக்கிறதென்று,
திங்கள் இரவே
நான் அழித்திருந்தேன்.